கீச்சு வான்

கல்லடியில் என் மருமகன் நடத்தும் கராஜில் காலையில் போய் உட்காருவது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. வேலை ஒன்றும் செய்வதில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையும் பாலில்லாத பிளேன்ரீயும் தருகிறார்கள். அதற்குக் கூலியாக நான் குறை சொல்கிறேன். போன கிழமை ஒரு கார் வந்தது. முன்சில்லுப் பக்கம் கீச்சிடுகிறது என்றார் சொந்தக்காரர். அங்கே வேலை செய்யும் இளைஞன் ஒரு தகர டப்பாவை எடுத்து, சில்லுக்குப் பின்னால் குனிந்து, கண்ட கண்ட இடமெல்லாம் எண்ணெயைப் பீச்சி அடித்தான். சத்தம் நின்றது. கார் போய்விட்டது.

"எங்கேயிருந்து வந்த சத்தம்?" என்று கேட்டேன்.

"அதான் போயிட்டே ஐயா, இனி எங்கேருந்து வந்தா என்ன?" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. பிளேன்ரீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் நல்ல பிள்ளை, அவன்மேல் குறையில்லை. ஆனால் ஒரு கீச்சுச் சத்தத்தை நம்பி ஒரு ஊரே உயிர் வைத்திருந்ததைப் பார்த்தவன் நான். அதை அவனுக்கு வாயால் சொல்லத் தொடங்கினால் கோபம்தான் முன்னுக்கு வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில் படித்தது களுவாஞ்சிக்குடியில், தம்பிராசா பாஸின் கராஜில். கைத்தொழில் தெரிந்த மூத்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் நட்டுக் கழுவினேன், பிறகு சில்லுக் கழற்றினேன், இடையிடையே திட்டு வாங்கினேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். இந்தக் கதை நடக்கும்போது எனக்குக் கலியாணமாகிவிட்டது. கராஜில் பாஸுக்கு அடுத்த ஆள் நான்.

பாஸ் ஒல்லியான மனிதர். அதிகம் பேசமாட்டார். வாகனம் வந்தால் முதலில் அதைத் தொடவும் மாட்டார். சொந்தக்காரரை உட்காரவைத்து, அவர் சொல்வதை முழுக்கக் கேட்பார். பிறகு கையை உயர்த்துவார். அந்தக் கை உயர்ந்தால் ரேடியோ நிற்கவேண்டும், சுத்தியல் நிற்கவேண்டும், பக்கத்துக் கடைக்காரர்கூட வாயை மூடிக்கொள்வார். மட்கார்ட்டில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து வாகனத்தை அமுக்கிவிடுவார். அது எழும்பி அடங்கும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பாலைமரத்தில் செதுக்கிய தடி ஒன்று வைத்திருந்தார். ஒரு முனையைப் பொருத்து ஒன்றின்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் கொடுத்து, அடுத்த பொருத்துக்குப் போவார். சந்தேகம் வந்தால் ஒரு செம்புத் தண்ணீர். ஒவ்வொரு ரப்பரிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அமுக்கச் சொல்வார். எதில் தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. எண்ணெய் மட்டும் கூடாது. கண்டுபிடிக்கும் முன் எண்ணெய்க் குப்பியைத் தொட்டவனை அன்றைக்கு முழுக்கப் பேரே சொல்லிக் கூப்பிடமாட்டார்.

ஒரு நாள் பூபாலன் தன் வானைக் கொண்டுவந்தான். ஜப்பானில் செய்த பழைய வெள்ளை வான். கிழமைக்கு ஒரு தடவை மருத்துவமாது நேசமலரை ஏற்றிக்கொண்டு வாவிக்கு அக்கரை போகிறவன் அவன். வாகனங்களை ஏற்றி வாவி கடத்தும் மிதவையைப் பாதை என்போம். அதில் மண்டூருக்குக் கடந்து, அங்கிருந்து உள்ளுக்குள் இருக்கும் வயல் ஊர்களுக்குப் போவார்கள். கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் குழந்தைகளுக்கு ஊசி போடுவதும் நேசமலரின் வேலை. சண்டைக் காலத்தில் அக்கரைக்குப் போய்வர ஒத்துக்கொண்டவர்கள் மிகக் கொஞ்சம் பேர். இவர் ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை.

வான் வளவுக்குள் திரும்பும்போதே கேட்டுவிட்டது. முன்பக்கம், இடது சில்லு. குழியில் இறங்கும்போது ஒரு நீளக் கீச்சு, ஏறும்போது இன்னொன்று.

"பாஸ், ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிது. அத மட்டும் பாருங்க," என்றான் பூபாலன்.

"சத்தம்?"

"சத்தம் இரிக்கட்டும். அதில கை வைக்க ஒண்ணா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னகா இது, காய்ச்சலுக்கு மருந்து தாங்க, இருமல மட்டும் நிப்பாட்டாதீங்க எண்டு கேக்கிறாப்போல இரிக்கி," என்றேன். பூபாலன் சிரிக்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு நேசமலர் இறங்கினார்.

"பாஸ், வெள்ளை வான் எண்டா ஊருக்குள்ள என்ன நடக்கும் எண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே," என்றார். "எஞ்சின் சத்தம் கேட்டவுடனே ஆம்பிளையள் வட்டைக்குள்ள இறங்கிருவாங்க. பொம்பிளையள் புள்ளையத் தூக்கிட்டு ஓடிருவாங்க. முதல் முதல் நாங்க போன நேரம் ஒரு சனம் இல்ல. அடுப்பு எரியிது, சோறு கொதிக்கிது, ஆளில்ல. மறுகா இந்தக் கீச்ச வெச்சித்தான் நம்மள ஆரெண்டு புடிச்சாங்க. இப்ப தூரத்திலயே கேட்டு வெளிய வந்து நிக்கிறாங்க. இந்தச் சத்தம் போயிட்டா நான் ஆருக்குப் போய் ஊசி போட?"

வட்டை என்பது எங்கள் பக்கத்துப் பெரிய வயல்வெளி. பயிர் வளர்ந்த காலத்தில் ஒரு ஊரே அதற்குள் ஒளியலாம். வெள்ளை வானில் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள், போனவர் திரும்பமாட்டார். வந்தவர் யார் என்று பட்டப்பகலிலும் ஒருவரும் கேட்டதில்லை.

பாஸ் கையை உயர்த்தினார். நான் மட்கார்ட்டை அமுக்கினேன். தடி வைத்தார். தண்ணீர் ஊற்றினார். சில்லைத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகளில் மேல் கையின் ரப்பரில் ஊற்றினார், சத்தம் அப்படியே இருந்தது. குறுக்குக் கம்பியின் ரப்பரிலும் மாற்றமில்லை. பிறகு ஜக்கைக் கீழ்க் கையின் அடியில் கொடுத்து ஏற்றச் சொன்னார். ரயர் நிலத்தை விட்டதும் அதன் கீழே அலவாங்குக் கம்பியைக் கொடுத்து மெதுவாகக் கெம்பினார். சில்லு முழுவதும் டக்கென்று மேலே எழும்பி, விட்டதும் கீழே விழுந்தது. கீழ்ப் போல் ஜொயின்ற் போய்விட்டது. சில்லைத் தாங்கிக்கொண்டு திரும்பவைக்கும் உருண்டைப் பொருத்து அது. மேலுறை கிழிந்து, வாவி உப்புத் தண்ணீரும் வயல் சேறும் உள்ளே போய், இரும்பு இரும்போடு தேய்ந்துதான் அந்தக் கீச்சு.

"இது கழண்டா சில்லு மடங்கும்," என்றார் பாஸ். "பாதையில ஏறுற நேரம் மடங்கினா வான் வாவிக்குள்ள. பின்னால புள்ளத்தாச்சி இருந்தா?"

பூபாலன் நெற்றியைத் துடைத்தான். நேசமலர் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாத்தாம வான் வெளிய போகாது," என்றார் பாஸ். "சத்தத்துக்கு வேற வழி பாப்பம்."

அந்த வருடங்களில் புதுச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏறாவூரில் பழைய இரும்பு வாங்கி விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் அடிபட்ட வானொன்றிலிருந்து கழற்றித் தந்தார். போட்டு, கிறீஸ் வைத்து, இறக்கி அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. வாகனம் நன்றாகிவிட்டதென்று நாலு பேர் முகம் தொங்கிப்போனதை என் தொழிலில் அன்றுதான் பார்த்தேன்.

அன்று பகல் முழுவதும் நாங்கள் செய்த வேலையை எந்தத் தொழிற்பாடசாலையிலும் படிப்பிக்கமாட்டார்கள். முன்சில்லு இரண்டையும் இணைத்து வானின் குறுக்கே ஓடும் கம்பியை ரப்பர் வைத்து இறுக்கியிருப்பார்கள். அது கீச்சிட்டால் காதுக்குத்தான் தொல்லை, உயிருக்கு ஆபத்தில்லை. பாஸ் அந்த ரப்பரை எடுத்துவிட்டு, பழைய லொறி ரயரில் ஒரு துண்டு வெட்டி, செங்கல் தூள் தடவி, அதன் இடத்தில் வைத்து இறுக்கினார். பூபாலன் வானை வளவுக்குள் குழிமேல் ஓட்டினான். நேசமலர் முருங்கைமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இது எலி," என்றார் முதல் தடவை.

துண்டைத் தடிப்பாக வெட்டினோம். "இது படலைக் கதவு." தூளைக் குறைத்தோம். "கிட்ட வந்திட்டு. ஆனா நம்மட வான் இவ்வளவு கெதியா நிப்பாட்டாது, இழுத்துத்தான் விடும்." பாஸ் முகத்தில் அலுப்பே இல்லை. ஒவ்வொரு தடவையும் கழற்றி, சீவி, திரும்பப் பூட்டினார். வெயில் சாயும்போது நேசமலர் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "இதான் பாஸ்," என்றார்.

போகும்போது பாஸ் சொன்னது ஒன்றுதான். "இது நம்மட நாலு பேரோட நிக்கட்டும்."

அடுத்த கிளினிக் நாளில், இறுக்கிய பிடி நிற்கிறதா என்று பார்க்க நானும் வானில் போனேன். மண்டூர் கடந்து வயல்வரம்பு வழியே உள்ளே போனோம். ரோட்டில் ஒரு ஆளில்லை. குழியில் வான் இறங்கியது, கீச்சிட்டது. நெற்பயிருக்குள் ஒரு தலை எழும்பியது. பிறகு இன்னொன்று. முழங்கால்வரை சேறோடு ஒரு வாலிபன், தோளில் குழந்தையோடு, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி வரம்பில் ஏறி வந்தான். அவன் பெயர் யோகன். மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். தர்சினி என்ற அந்தப் பெண்குழந்தையை அவன்தான் தாயாகவும் இருந்து வளர்த்தான். ஒளியும்போதும் அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஒளிவானாம்; அழாமல் இருக்க வாயில் கற்கண்டு வைப்பானாம்.

"வானுக்குத் தடிமனா மிஸ்ஸி?" என்று சளி பிடித்த ஆளை விசாரிப்பதுபோல் கேட்டான். "குரல் கொஞ்சம் மாறிக் கிடக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு கூர்மையான காது. ஆனாலும் நம்பி வந்துவிட்டான். நேசமலர் குழந்தையை வாங்கி மடியில் வைத்தார். அன்றைக்கு அந்தச் சனத்தின் நடுவே நிற்கும்போது எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

மாரி மழைக்காலத்தின் நடுவில் இன்னொரு வெள்ளை வான் எங்கள் கராஜுக்குள் வந்தது. இலக்கத் தகடு இல்லை. கண்ணாடி முழுக்கக் கறுப்பு. மூன்று பேர் இறங்கினார்கள். பேசியவர் ஒருவர்தான், நல்ல தமிழில், மரியாதையாக.

"அக்கரைக்குப் போற கிளினிக் வானில ஒரு சத்தம் வரும். அது எங்கட வானிலயும் வரவேணும்."

எதற்கென்று கேட்கத் தேவையில்லை. கீச்சு கேட்டால் யோகன் வட்டைக்குள்ளிருந்து எழும்பி, குழந்தையோடு, சிரித்துக்கொண்டு வருவான். நேரே இவர்கள் கையில்.

பாஸ் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இருங்க தம்பி, பாப்பம்," என்று கதிரை போட்டார். தேத்தண்ணீர் வரவழைத்தார். கையை உயர்த்தினார். மட்கார்ட்டை அமுக்கினார். சத்தமே இல்லாத வானுக்குத் தடி வைத்துக் காது கொடுத்தார். சில்லைக் கழற்றினார். மேல் கை ரப்பரை எடுத்தார், வைத்தார். வாஷர் மாற்றினார். வேர்வை வழிய வழிய, ஒன்றையும் விடாமல், செய்யக்கூடாத இடத்திலெல்லாம் செய்துகொண்டே போனார். வேலை தெரிந்த மனிதன் முழுமூச்சாகப் பாடுபட்டுத் தோற்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒரு தடவை வானை அமுக்கும்போது குறுக்குக் கம்பியிலிருந்து லேசாக ஒரு கீச்சு வந்துவிட்டது. பேசியவர் எழும்பி வந்தார். "ஆ, இதான். இதக் கூட்டுங்க."

"தண்ணி கொண்டா மனெ," என்றார் பாஸ் என்னிடம். "நனைஞ்சாத்தான் ரப்பர் பிடிக்கும், சத்தம் கூடும்."

செம்பைக் கொடுத்தேன். அந்த ரப்பரில் நிதானமாக ஊற்றினார். சத்தம் செத்துப்போனது. அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது; விளங்கியதும் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவன் ஏன் நடுங்குறான்?"

"காலையிலருந்து சாப்பாடில்லாம வேல வாங்கிட்டன். என்ட பிழை," என்றார் பாஸ். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, நான் மெய்யச் சொல்றன். அந்த வான்ட சத்தம் தேஞ்சு தேஞ்சு தானா வந்த சத்தம். செய்யப்போனா வராது," என்றார்.

அந்த ஆள் வான் கதவைத் திறந்தார். "அடுத்த கிழமை வருவம். அதுக்குள்ள ஒரு வழி பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வான் போனதும் பாஸ் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் யோகனைப் பற்றிச் சொன்னேன், குழந்தையைப் பற்றி, கற்கண்டைப் பற்றி. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. பாஸ் கேட்டு முடித்து, "பூபாலனக் கூப்பிடு," என்றார்.

அவன் நேசமலரோடு வந்ததும், அன்றைக்கே கிளினிக் வானிலிருந்து லொறி ரயர்த் துண்டை எடுத்து, புது ரப்பர் வைத்து இறுக்கினார். பூபாலன் கத்தினான். "இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சத ஒங்கட கையாலயே கழட்டுறீங்களே பாஸ்!"

"அந்தச் சத்தம் இனி நம்மட இல்ல," என்றார் பாஸ். "நான் செய்யாட்டி வேற ஆரையும் வெச்சிச் செய்வாங்க. கீச்சு கேட்டா ஓடவேணும் எண்டு சனத்துக்குச் சொல்லணும். அதுக்கு முதல் நம்மட வானில அது இருக்க ஒண்ணா."

"அப்ப சனம் நம்மள எப்பிடி அறியும்?" என்று கேட்டான் பூபாலன்.

எல்லோரும் நேசமலரைப் பார்த்தோம். அவர் ஊசிமருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் முன்னால நடக்கிறன்," என்றார்.

நானும் அந்தப் பயணத்தில் போனேன். ஊர் தொடங்கும் இடத்துக்கு வெகுதூரம் முன்பே வானை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வெள்ளைச் சேலை. மழை விட்ட சுள்ளென்ற வெயில், ஆனாலும் முகம் மறையக்கூடாது என்று குடையை விரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேற்று வழியில் முன்னே நடந்தார். வான் சத்தமில்லாமல் பின்னே ஊர்ந்தது. இரண்டு பக்கமும் வட்டை. ஒரு அசைவில்லை. பயிருக்குள் எத்தனை கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனவோ தெரியாது. எங்களைக் கண்டுதான் அவர்கள் பயந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

நேசமலர் கூப்பிடத் தொடங்கினார். தன் கையில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக, நடந்தபடியே, சத்தமாக. "வாணிட அம்மா, நான்தான் வாறன்! சுதாகர்ட அம்மா, நேசமலர் வாறன்!" தொண்டை கட்டியது. நிற்காமல் கூப்பிட்டார். "தர்சினிட அப்பா! நான்தான் மனெ!"

வெகுநேரத்துக்குப் பிறகு வயலுக்குள் குழந்தை ஒன்று சிணுங்கியது. யோகன் எழும்பினான். ஓடிவரவில்லை, வானையே பார்த்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். நேசமலர் முதலில் ஊசிப்பெட்டியைத் திறக்கவில்லை. ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஒன்றையே சொன்னார். "இனிமே கீச்சு கேட்டா ஓடுங்க. நான் வந்தா நடந்துதான் வருவன். என்ட முகத்தக் காணாம வெளிய வராதீங்க."

அந்த மூன்று பேரும் சொன்னபடி வந்தார்கள். பாஸ் முன்பு கழற்றிய பழைய போல் ஜொயின்றை எடுத்துக் காட்டினார். "சத்தம் இதிலதான் இருந்திச்சி. மாத்திட்டன். இப்ப அந்த வானிலயே சத்தமில்ல, போய்க் கேட்டுப் பாருங்க," என்றார். பேசியவர் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு வளவுக்குள் எறிந்தார். எங்களை ஒன்றும் செய்யாமல் போனார்கள். ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நெல் குடலைப் பருவத்தில், கதிர் தள்ளத் தயாராக நின்றபோது பூபாலன் ஓடிவந்தான். பட்டப்பகலில் அந்த ஊருக்குள் ஒரு வெள்ளை வான் கீச்சிட்டுக்கொண்டு வந்ததாம். ஊர் முழுக்க வட்டைக்குள் இறங்கிவிட்டது. யோகனும் பிள்ளையும் பத்திரம். வந்தவர்கள் வீடுவீடாகப் பார்த்து, காத்திருந்து, வெறும் வானோடு திரும்பிவிட்டார்கள்.

நான் சந்தோஷத்தில் பூபாலனைக் கட்டிப்பிடித்தேன். பாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"சத்தம் எப்பிடி இருந்திச்சாம்?" என்று கேட்டார்.

"அச்சொட்டா நம்மட வான் மாதிரியேயாம் பாஸ். யோகனே ஒரு கணம் எழும்பப் பாத்தானாம்."

பாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்ப நல்ல வேலைக்காரன் ஒருத்தனத்தான் புடிச்சிச் செய்விச்சிரிக்காங்க," என்றார். "எந்தக் கராஜ்காரனோ. எப்பிடி வெருட்டினாங்களோ." அன்று அவர் கராஜை நேரத்தோடு பூட்டிவிட்டுப் போனார்.

நேசமலர் அந்த வருடங்கள் முழுவதும் வானுக்கு முன்னால் நடந்தார். பாஸும் அவரும் இப்போது இல்லை. கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் என் வயதுப் பழைய மெக்கானிக்மார் பலரைச் சந்திக்கிறேன். எஞ்சினைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி எல்லாம் பேசுவோம். சண்டைக் காலப் பேச்சு வந்தால் சிலர் எழும்பி வெற்றிலைத் தட்டத்துப் பக்கம் போய்விடுவார்கள். நான் ஒருவரையும் கேட்பதில்லை; கேட்கக்கூடாத கேள்வி அது. ஆனால் அந்தக் கீச்சைச் செய்தவர் இவர்களில் ஒருவராக இருந்து, தான் செய்துகொடுத்ததால் யார் யார் போனார்களோ என்று இத்தனை காலமும் மனதுக்குள் வெந்துகொண்டிருந்தால், அவரிடம் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. அண்ணன், ஒருவரும் வெளியே வரவில்லை. உங்கள் வான் வெறுமையாகத்தான் திரும்பியது.